எதில், எதனோடு, எதனால்? பொருத்தும் வேலையை எழுதுவது பற்றிய விவாதங்கள்

ஒரு ப்ராக்கெட்டை ஃப்ரேமில் வைத்து இரண்டு போல்ட் போட்டு முடுக்குவது பழகிய கைக்கு அரை நிமிட வேலை. அதையே, அந்த வேலையைப் பார்த்திராத ஒருவர் படித்துச் செய்யும்படி எழுதச் சொன்னால் பேனா தயங்கும். ப்ராக்கெட்டின் எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும், ஃப்ரேமின் மேலா உள்ளா, போல்ட் எந்தத் திசையிலிருந்து நுழைய வேண்டும், வாஷர் எங்கே, எவ்வளவு இறுக்கம் என்று கேள்விகள் வரிசை கட்டும். ஆங்கிலம் இதற்கென ஓர் ஆயத்தத் தொடரை வைத்திருக்கிறது: ‘அட்டாச் இதை டு அது வித் இன்னது’. எதை, எதில், எதனால் என்ற மூன்று இடங்களையும் நிரப்பினால் வாக்கியம் தயார் என்று தோன்றும். அந்தத் தொடரைப் பிழையில்லாமல் கையாள்வது எப்படி, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது, எழுத்தில் சொல்லத்தான் வேண்டுமா என்பவை காலந்தோறும் வெவ்வேறு விடைகளைப் பெற்றுவந்த கேள்விகள்.

இவை அன்றாடம் எழும் இடங்களில் ஒன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் மூடியது. சாம்சங் 2007-இல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் 2010-இலும் டெய்ம்லர் 2012-இலும் ராயல் என்ஃபீல்டு 2013-இலும் ஆலை திறந்தன. சுங்குவார்சத்திரத்தை ஒட்டி ஃபாக்ஸ்கான், வல்லம் வடகாலில் யமஹா. கொரிய, ஜப்பானிய, பிரெஞ்சு, ஜெர்மன், சீன மொழிகளில் யோசிக்கப்பட்ட வேலைமுறைகள் ஆங்கிலம் என்ற ஒற்றைக் கதவு வழியாக இங்கே நுழைகின்றன. உள்ளே நிற்பவர்களில் தமிழ் வழியில் படித்து ஐடிஐ, டிப்ளமா முடித்தவர்கள் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. வேலைமுறைத் தாள், பேச்சில் ‘ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷன்’ அல்லது ‘எஸ்ஓபி’, இவர்கள் கண்ணெதிரே தொங்குகிறது.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. மோட்டார் வாகனத் துறையின் தர நெறியான ஐஏடிஎஃப் 16949 இன்னும் ஒரு படி போய், வேலைமுறை ஆவணங்கள் அவற்றைப் பின்பற்ற வேண்டியவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. ‘புரியும் மொழி’ எது என்பதை இரண்டுமே விளக்கவில்லை. விவாதம் தொடங்குவது அங்கேதான்.

‘வித்’ என்னும் சிறுசொல்

நிலைப்பாடுகளுக்குள் போகுமுன் சிக்கலின் கணுவைப் பார்த்துவிடலாம். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் ‘அட்டாச் டு’ வர வேண்டிய இடத்தில் ‘அட்டாச் வித்’ வருவது பொதுவான வழுக்கல். காரணம் தெளிவு. தமிழில் ‘ஃப்ரேமுடன் இணைக்கவும்’ என்கிறோம். ‘உடன்’ என்பதற்குப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த நேர்ச்சொல் ‘வித்’. அலுவலகக் கடிதத்தின் ‘இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது’ என்ற தொடரும் இப்பழக்கத்தைக் கெட்டிப்படுத்துகிறது. மின்னஞ்சலில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. உற்பத்தி லைனில் நட்டம் வரக்கூடும். ஏனென்றால் ஆங்கில ‘வித்’ கருவியையும் குறிக்கும், கூட இருப்பதையும் குறிக்கும். ‘அட்டாச் ப்ராக்கெட் வித் கிளாம்ப்’ என்று எழுதினால் மூன்று பொருள் கிடைக்கிறது: கிளாம்ப்பைக் கொண்டு ப்ராக்கெட்டைப் பொருத்து, கிளாம்ப் உள்ள ப்ராக்கெட்டைப் பொருத்து, ப்ராக்கெட்டைக் கிளாம்ப்போடு சேர். முதலாவதில் கிளாம்ப் கருவி, இரண்டாவதில் பாகத்தின் அடையாளம், மூன்றாவதில் சேருமிடம்.

இந்த மயக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்குத் தரும் பெயரே ‘ஒடு’. கருவிப் பொருளையும் உடனிகழ்ச்சிப் பொருளையும் அந்த ஒரே வேற்றுமைக்குள் அது அடக்குகிறது. பிற்காலத்தில் நன்னூல் ஆல், ஆன், ஒடு, ஓடு என நான்கு உருபுகளைச் சொல்கிறது. இன்றைய வழக்கில் ‘போல்ட்டால்’ என்றால் கருவி, ‘போல்ட்டோடு’ என்றால் கூட்டு என்று வேலை பெரும்பாலும் பிரிந்துவிட்டது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் இன்றைய தமிழ் ஆங்கிலத்தைவிடத் துல்லியமாக நிற்கிறது.

இன்னொரு விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஆங்கிலம் ‘இன்’ என்றும் ‘ஆன்’ என்றும் பிரிப்பதைத் தமிழின் ‘இல்’ பிரிப்பதில்லை. ‘மூடியில் லேபிளை ஒட்டவும்’ என்றால் மூடியின் வெளிப்புறமா உட்புறமா என்பது உருபில் இல்லை. ‘மேல்’, ‘உள்’, ‘வெளிப்பக்கத்தில்’ என்று தனிச்சொல் சேர்த்தால்தான் அது தெரியும். எந்த மொழியும் எல்லா மயக்கங்களையும் தானாகத் தீர்ப்பதில்லை; ஒவ்வொன்றும் வேறிடத்தில் ஓட்டை விடுகிறது. பின்வரும் நிலைப்பாடுகளை எடைபோடும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

முதல் நிலை: ஆங்கிலமே இருக்கட்டும்

வரைபடம் ஆங்கிலத்தில், பாகப் பட்டியல் ஆங்கிலத்தில், தணிக்கை ஆங்கிலத்தில். பிறகு வேலைமுறைத் தாள் மட்டும் ஏன் மாற வேண்டும் என்பது இந்த நிலை. இதன் பின்னணி வெறும் சோம்பல் இல்லை. ஒரே பாகத்துக்கு இரண்டு மொழியில் இரண்டு ஆவணம் இருந்தால், வடிவமைப்பு மாறும்போது ஒன்று திருத்தப்பட்டு மற்றது பழையதாகவே தொங்கும் ஆபத்து உண்டு. தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் இதை அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தால் தொழிலாளி அடுத்த ஆலைக்கும் அடுத்த பதவிக்கும் போகலாம் என்ற வாதமும் உண்டு. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டதும் இந்த எதிர்பார்ப்பின் அடையாளமே.

இதன் பலவீனம் இரண்டு. முதலாவது, அந்த ஆங்கிலம் யாருடைய ஆங்கிலம் என்பது. ‘ஃபிக்ஸ்’ என்ற சொல் பிரிட்டனிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் ‘நிலையாகப் பொருத்து’ என்று பொருள்படும். அமெரிக்கப் பேச்சில் ‘பழுது பார்’ என்பதே முதலில் நினைவுக்கு வரும். கொரியாவிலோ ஜப்பானிலோ எழுதி, மொழிபெயர்ப்பாளர் கைபட்டு வரும் தாளில் ‘ஃபிக்ஸ்’, ‘ஃபிட்’, ‘மவுண்ட்’, ‘இன்ஸ்டால்’, ‘செக்யூர்’ என்று ஒரே செயலுக்கு ஐந்து வினைகள் மாறி மாறி வரலாம். ஐந்தும் ஒன்றுதானா என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

இரண்டாவது பலவீனம் நுட்பமானது. கொரியமும் ஜப்பானியமும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். இடத்தையும் கருவியையும் பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபுகளால் காட்டுபவை. எதை, எதில், எதனால், பிறகு செயல் என்ற வரிசை மூன்றுக்கும் இயல்பு. இரு முனையிலும் ஒத்த வார்ப்புள்ள மொழிகள் நிற்க, நடுவில் செயலை முதலில் வைத்து, உறவுகளைப் பெயருக்கு முன்னால் தனிச்சொற்களாக வைக்கும் ஆங்கிலம் பாலமாகிறது. பாலம் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என இருமுறை உருபுகள் உருமாறுகின்றன. இடையில் சிந்துவது பெரும்பாலும் ‘எதில்’, ‘எதனால்’ என்பவையே.

இரண்டாம் நிலை: கலைச்சொல்லைத் தமிழில் ஆக்குவோம்

இந்த நிலையின் வேர் ஆழமானது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் வெளியிட்டார். 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1936-இல் சென்னையில் விபுலாநந்தர் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது; 1938-இல் ‘கலைச்சொற்கள்’ நூலாகியது. 1940-இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழுவின் போக்கு வடசொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் எதிர்த்தனர். பின்னாளில் மணவை முஸ்தபா தனி ஒருவராகக் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தார். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. சென்னை கிண்டியில் இயங்கும் தேசிய பயிற்று ஊடக நிறுவனம் ஐடிஐ பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. அவ்வழியில் படித்தவருக்கு ஃபிட்டர் என்பவர் ‘பொருத்துநர்’.

இதன் பலம் கல்வி சார்ந்தது: சொல்லின் உறுப்பு தெரிந்தால் பொருள் தெரியும். ‘திருகாணி’ என்ற சொல்லை யாரும் அகராதியில் தேடத் தேவையில்லை. தோட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகாணியைத் தினமும் கழற்றி மாட்டும் பெண்கள் பல்லாயிரம் பேர் இந்தப் பகுதியின் மின்னணு ஆலைகளில் வேலை செய்கிறார்கள். ‘மரை கழன்றவன்’ என்று கேலி பேசாத ஊரும் இல்லை. சொற்கள் செத்துவிடவில்லை, பட்டறைக்கு வெளியே உயிரோடு இருக்கின்றன.

பலவீனங்களும் வெளிப்படை. ஒன்று, பன்மை: ‘திருகாணி’ ஒரு பட்டியலில் ஸ்க்ரூ, வேறிடத்தில் போல்ட், ‘மரை’ சிலருக்கு நட், சிலருக்கு அதன் புரி. இலங்கைத் தமிழில் சுவிட்ச் ‘ஆளி’; இங்கே அச்சொல் பலருக்குப் புரியாது. இரண்டு, பாகப்பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும் பெயரும் தாளில் உள்ள பெயரும் வேறுபட்டால் தமிழ் படித்தவரே தடுமாறுவார். மூன்றாவது குறை அவ்வளவாகக் கவனிக்கப்படாதது. நூறு ஆண்டுக்கும் மேலான இந்த முயற்சியில் பெரும் உழைப்பு பெயர்ச்சொற்களுக்கே போயிருக்கிறது. போல்ட்டை என்னவென்று அழைப்பது என்று குழுக்கள் கூடிப் பேசின. போல்ட்டை என்ன செய்வது, எந்த உருபோடு எழுதுவது என்பது பெரும்பாலும் ஓரத்தில் நின்றது.

மூன்றாம் நிலை: கலந்தே எழுதுவோம்

‘ப்ராக்கெட்டை ஃப்ரேமில் வைத்து ரெண்டு போல்ட் போட்டு டைட் பண்ணுங்க’ என்பது லைனில் இயல்பான பேச்சு. பெயர்கள் ஆங்கிலம், உருபுகள் தமிழ், வினையில் ‘பண்ணு’ அல்லது ‘போடு’. இதை அப்படியே எழுத்தில் கொண்டுவரலாம் என்பது மூன்றாம் நிலை. தூய்மைவாதிகளுக்கு இது தோல்வி, ஆலைக்கு இது நடைமுறை.

ஆனால் கலப்பு எழுத்துக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. அதுவும் இதே ஊரோடு தொடர்புடையது. ஸ்ரீபெரும்புதூர் இராமானுஜர் பிறந்த ஊர். அவர் நூல்கள் வடமொழியில் உள்ளன. ஆனால் அவருடைய பணிப்பின்பேரில் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு எழுதியதாக மரபு சொல்லும் ஆறாயிரப்படி, தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் அமைந்த முதல் திருவாய்மொழி உரை. அந்த உரைமரபில் வடசொற்கள் ஏராளம். ஆனால் அவற்றைக் கோக்கும் உருபும் வினைமுற்றும் பெரும்பாலும் தமிழ். கேரளத்தில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் லீலாதிலகம் என்னும் இலக்கண நூலோ, வடமொழி உருபுகளோடேயே வரும் வடசொற்கள் கலப்பதைத்தான் மணிப்பிரவாளம் என்று வரையறுத்தது. ஆக, இரண்டு மரபுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு எத்தனை அயற்சொல் என்பதில் இல்லை. மணியைக் கோக்கும் நூல் யாருடையது என்பதில் இருக்கிறது. வடசொல்லைத் தமிழ் எழுத்தொலிக்கு ஏற்ப மாற்றி எழுதலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருப்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

கலப்பின் உண்மையான சிக்கல் வேறு: தமிழ் எழுத்தில் ஆங்கிலப் பெயர்கள் அடையாளம் இழப்பது. வல்லினத்துக்கு ஒலிப்பு வேறுபாடு காட்டாத எழுத்துமுறையில் ‘கேப்’ என்று எழுதினால் மூடியா இடைவெளியா? ‘கேப் சரிபார்க்கவும்’ என்ற வரியில் இரண்டுமே பொருந்தும். ‘டேப்’ என்பது ஒட்டும் நாடாவும் ஆகும், புரி வெட்டும் கருவியும் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக ‘பின்’. ‘பின் பொருத்தவும்’ என்ற இரண்டே சொல்லை, பின் என்னும் பாகத்தைப் பொருத்து என்றும், பிறகு பொருத்து என்றும், பின்பக்கம் பொருத்து என்றும் படிக்கலாம். பாகம், காலம், இடம் மூன்றும் ஒரே ஒலியில் மோதுகின்றன. ‘பின்னைத் துளையில் செருகவும்’ என்று இரண்டாம் வேற்றுமை உருபை விடாமல் எழுதினால் மோதல் தீர்ந்துவிடுகிறது. பேச்சுத் தமிழ் அஃறிணைப் பெயருக்கு ‘ஐ’ உருபை எளிதாக விட்டுவிடும். எழுத்தில் அதை விடக் கூடாத இடம் இது.

நான்காம் நிலை: அளந்து வைத்த மொழி

எந்த மொழியானாலும் அதைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்பது இன்னொரு விடை. 1930-இல் சி. கே. ஆக்டன் 850 சொற்கள் கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ திட்டத்தை முன்வைத்தார். அதில் வினைகள் 18 மட்டும். மீதிச் செயல்களை ‘புட் ஆன்’, ‘புட் இன்’, ‘புட் டுகெதர்’ போன்ற கூட்டுகளால் சொல்ல வேண்டும். சொற்பட்டியல் சுருங்கியது உண்மை. ஆனால் பாரம் முழுவதும் அந்தச் சிறுசொற்கள் மேல் இறங்கியது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கு மிகக் கடினமானவையும் அவையே. நம் ‘போடு’ இதற்கு நெருங்கிய உறவினர். போல்ட் போடு, கிளிப் போடு, டேப் போடு, வெல்டு போடு, பசை போடு. பேச்சில் வசதி, எழுத்தில் வெறுமை.

திருவள்ளூரில் ஆலை வைத்திருக்கும் கேட்டர்பில்லர் நிறுவனம், 1970களில் உலகெங்கும் தன் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் மொழிபெயர்ப்பின்றிப் படிக்கட்டும் என்று சில நூறு சொற்கள் கொண்ட ஓர் ஆங்கிலத்தை வகுத்துப் பின்னர் கைவிட்டது. 1990களில் அது மீண்டும் கட்டுப்பாட்டு ஆங்கிலத்துக்கு வந்தபோது நோக்கம் மாறியிருந்தது: இம்முறை கணினி வழியாக மொழிபெயர்க்க ஏற்ற மூலத்தை எழுதுவது. படிப்பவரை ஆங்கிலத்துக்கு இழுப்பது என்பதிலிருந்து, ஆங்கிலத்தைப் படிப்பவர் மொழிக்கு அனுப்பத் தயார்செய்வது என்ற இந்தத் திருப்பம் நம் விவாதத்துக்கு முக்கியமானது. விமானத் துறையில் 1986-இல் வெளியான எளிய ஆங்கில வழிகாட்டி, இன்று எஸ்டிஇ 100 என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், வேலைமுறை வாக்கியத்துக்கு 20 சொல் வரம்பு என்பவை அதன் அறியப்பட்ட விதிகள்.

தமிழில் இதற்கு இணையாகத் தொழில்துறை முழுதும் ஏற்ற தரநூல் எதுவும் நிலைபெறவில்லை. ஆங்கில விதிகளை அப்படியே பெயர்த்துவைப்பதும் விடையாகாது. தமிழின் வினையெச்சத் தொடர், ‘எடுத்து, வைத்து, சுற்றி, முடுக்கவும்’ என, செயல்களின் முன்பின்னை இலக்கணத்திலேயே காட்டிவிடும். அதைத் துண்டாக்கினால் வரிசை காட்டும் நூல் அறுகிறது. துண்டாக்காவிட்டால் ஒரே வாக்கியத்தில் ஆறு செயல் புகுந்து, நான்காவதை வாசகர் தவறவிடுகிறார். இரண்டு எச்சம், ஒரு முற்று என்பது போன்ற ஓர் எல்லை பொருத்தமாக இருக்கலாம்; அது ஆலையில் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

ஐந்தாம் நிலை: எழுத்தே எதற்கு?

1920களில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் தொடங்கிய படமொழி முயற்சி முதல், வீட்டு அலமாரியோடு வரும் சொல்லில்லாத வரைபடத் தாள் வரை, படமே பொதுமொழி என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்றைய லைனில் இதன் நியாயம் கூடியிருக்கிறது. வல்லம் வடகாலில் 2024-இல் 18,720 பேர் தங்கும் வசதியோடு சிப்காட் கட்டிய குடியிருப்பு, ஆலைகள் உள்ளூர்ப் பேருந்தில் வந்துபோகும் ஆட்களை மட்டும் நம்பியில்லை என்பதற்கு அடையாளம். ஒரே ஸ்டேஷனில் தமிழும் ஒடியாவும் இந்தியும் பேசுபவர்கள் நின்றால், எழுத்துக்குப் பதில் புகைப்படமும் அம்புக்குறியும் பேசுகின்றன.

இதைவிடத் தீவிரமான விடை ஜப்பானிலிருந்து வந்தது. 1961-இல் யமடா எலக்ட்ரிக் ஆலையில், பொத்தான் வைத்த சிறு சுவிட்ச் ஒன்றில் பொருத்த வேண்டிய இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றைத் தொழிலாளர்கள் அவ்வப்போது மறந்துவிடுவதை ஷிகேயோ ஷிங்கோ ஆராய்ந்தார். ‘மறக்காதே’ என்று எழுதி வைக்கவில்லை. வேலையைத் தொடங்குமுன் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு சிறு தட்டில் எடுத்து வைக்கும்படி முறையை மாற்றினார். வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். பின்னாளில் ‘போக்கா–யோக்கே’ என்று பெயர் பெற்ற இந்தச் சிந்தனையின்படி, தவறாகப் பொருத்தவே முடியாதபடி பாகத்தை வடிவமைப்பதே சிறந்த வேலைமுறைத் தாள். ஒரு பக்கம் மட்டும் நுழையும் கனெக்டர் எந்த மொழியிலும் எழுதத் தேவையில்லாத வாக்கியம்.

ஆனாலும் படத்துக்கும் எல்லை உண்டு. எங்கே, எந்தப் பக்கம் என்பதைப் படம் நன்றாகச் சொல்லும். எப்போது, எதுவரை, ஏன் கூடாது என்பவற்றைச் சொல்லத் திணறும். ‘முதலில் நான்கு போல்ட்டையும் கையால் இரண்டு சுற்று ஏற்றவும், அதன் பிறகே டார்க் ரெஞ்சால் எதிரெதிராக முடுக்கவும்’ என்பதில் உள்ள ‘அதன் பிறகே’ என்ற ஏகாரத்துக்குப் படம் கிடையாது. போக்கா–யோக்கேவும் எல்லா இணைப்புக்கும் கட்டுபடியாகாது. மாதிரி மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும்.

ஓரத்தில் நின்ற வினை

ஐந்து நிலைகளையும் அருகருகே வைத்தால் ஒரு பொது இடைவெளி தெரிகிறது. இரண்டாம் நிலையும் மூன்றாம் நிலையும் பாகத்தின் பெயரைப் பற்றிச் சண்டையிடுகின்றன. முதலாவதும் ஐந்தாவதும் அந்தச் சண்டையைத் தவிர்க்க வழி தேடுகின்றன. பாகம் எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்லும் வினையில் தமிழ் எவ்வளவு செழிப்பானது என்பதை நான்காம் நிலையும் கணக்கில் எடுப்பதில்லை.

‘அட்டாச்’ என்பது பொதுவினை. சேர்ப்பு எந்த வகை என்று அது சொல்லாது. அதனால்தான் ‘டு’, ‘வித்’ என்ற துணைகள் இன்றியமையாதவை. தமிழில் அதே இடத்தில் நிற்கும் வினைகள் வகையைத் தாமே சொல்லிவிடுகின்றன. மாட்டு என்றால் கொக்கியோ ஆணியோ தாங்கும், திரும்பக் கழற்றலாம். செருகு என்றால் ஒன்று மற்றொன்றின் உள்ளே போகிறது. கோ என்றால் துளை வழியாக ஊடுருவுகிறது. பூட்டு என்றால் தானாகக் கழலாது. முடுக்கு என்றால் சுழற்றி இறுக்குவது. ஒட்டு, பற்றவை, அறை, தை, பதி என்று ஒவ்வொன்றும் ஒரு தனி இணைப்பு முறை. ‘பொருந்து’, ‘பொருத்து’ என்ற சோடி இன்னொரு நயம்: முன்னது பாகம் தானே சரியாக உட்காருவது, பின்னது ஆள் அதை உட்காரவைப்பது. ‘பொருந்தாவிட்டால் அழுத்திப் பொருத்த வேண்டாம்’ என்ற நான்கு சொல் வாக்கியம் ஒரு முழு தர எச்சரிக்கை. ஒயரிங் ஹார்னஸைக் ‘கனெக்ட்’ செய்யவும் என்று மொட்டையாக எழுதுவதற்கும், ‘கனெக்டரைச் செருகி, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தவும்; ஒயரைக் கிளிப்பில் மாட்டவும்’ என்று எழுதுவதற்கும் இடையே இருப்பது அழகின் வேறுபாடு மட்டும் இல்லை. பின்னதில் எதுவரை என்ற அளவும் இருக்கிறது.

இந்த வினைகள் கலைச்சொல் பட்டியல்களில் அரிதாகவே முன்னிற்கின்றன. அன்றாடச் சொற்கள்தானே என்று விடப்பட்டிருக்கலாம். அதே காரணத்தால் மொழிபெயர்ப்புத் தாள்களில் எல்லா இணைப்பும் ‘இணைக்கவும்’ என்ற ஒரே சாம்பல் நிறத்தில் வந்து விழுகிறது. ‘இணைக்கப்பட வேண்டும்’ என்ற செயப்பாட்டு வடிவமோ, யார் செய்வது என்பதையும் மறைத்துவிடுகிறது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

மேற்கண்டவற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பாகப் பெயரைக் கடன் வாங்குவதால் பெரிய இழப்பில்லை. பெட்டியில் உள்ள பெயரும் தாளில் உள்ள பெயரும் ஒன்றாக இருப்பது அதைவிட முக்கியம். எழுத்து மயக்கம் தரும் பெயருக்கு மட்டும் பாக எண்ணோ படமோ துணை வேண்டும். உருபையும் வினையையும் கடன் வாங்குவது அப்படி இல்லை. ‘எதில், எதனோடு, எதனால், எதுவரை’ என்பவை படிப்பவரின் சொந்த மொழியில் இருக்கும்போதுதான் அவர் ஊகிக்காமல் செயல்படுகிறார். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்தில் ‘டு’ சேருமிடத்துக்கு, ‘வித்’ கருவிக்கு மட்டும் என்று ஆலை அளவிலேயே ஒரு விதியை வைத்துக்கொள்வது எளிது, செலவும் இல்லை.

தீராதவை பல. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘பெரும்பான்மை மொழி’ என்ற அளவுகோல் எண்ணிக்கையைப் பார்த்தது. பிழை நேர்வது அந்த ஸ்டேஷனில் அன்று நிற்கும் ஒருவரின் கையில். பல மொழியினர் நிற்கும் லைனில் தமிழ்த் தாள் தானே ஒரு விடையாகாது. ஒடியாவிலும் இந்தியிலும் இதே வினை, உருபு ஆய்வு வேறு முடிவுகளைத் தரக்கூடும். செல்பேசி மொழிபெயர்ப்பு பெயர்களை நன்றாகப் பெயர்க்கும் அளவுக்கு வினைகளையும் பெயர்க்குமா என்பதும், அது ஊகித்துப் போடும் உருபுக்கு யார் பொறுப்பு என்பதும் திறந்த கேள்விகள். எந்த வடிவில் எழுதினால் பிழை எத்தனை குறைகிறது என்பதை ஆலைகள் தங்கள் மறுவேலைப் பதிவேடுகளை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதைச் செய்யும்வரை இங்கே சொன்னவை நியாயமான ஊகங்களாகவே நிற்கும்.

கடைசியாக, எழுதுபவர் யார் என்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவாகிப் பின்னர் ஜப்பான் சென்ற தொழிற்பயிற்சி முறை, ஒரு வேலையைப் படிகளாகவும் ஒவ்வொரு படியின் முக்கியக் குறிப்பாகவும் பிரித்தெழுதும் பொறுப்பை லைனில் நிற்கும் மேற்பார்வையாளரிடம் கொடுத்தது. தமிழ்த் தாளை இன்னும் ஆங்கிலத் தாளின் மொழிபெயர்ப்பாகவே நினைக்கும் பழக்கம் இதற்கு நேரெதிர். மாட்டு, செருகு, முடுக்கு என்று நாள் முழுதும் சொல்லிக்கொடுப்பவரின் பேச்சிலிருந்து தாளைத் தொடங்கி, பிறகு அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘வித்’ சிக்கல் குறையுமா, இடம் மாறுமா? முயன்று பார்க்கக்கூடிய கேள்வி அது. விடை ஆலைக்கு ஆலை வேறுபடவும் கூடும்.